திரும்பி வரும் பூஞ்சை

கண்ணாடித் தகட்டில் துளியளவு வெள்ளைக் கசிவைத் தடவி, அதன் மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். அந்தக் காரத்தில் பெண்ணின் உடலிலிருந்து உதிர்ந்த செல்கள் கரைந்து மங்கிவிடும். சீழணுக்களும் கரையும். கைட்டினும் குளுக்கனும் சேர்ந்து கட்டிய சுவருக்குள் இருக்கும் பூஞ்சை மட்டும் அசையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் முட்டை வடிவில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். சில மொட்டு விட்டிருக்கும். அவற்றினூடே கிளை பிரிந்த நீண்ட இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உருண்டையும் இழையும் ஒரே உயிரின் இரண்டு கோலங்கள். அந்த உயிரின் பெயர் கேண்டிடா அல்பிகன்ஸ்.

ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இந்தப் பூஞ்சையால் பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் வெள்ளைத் திப்பிகளும் வருவது உலகெங்கும் உள்ளதுதான். முக்கால்வாசிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. பெரும்பாலோருக்கு மருந்து போட்டதும் போய்விடும். சிலருக்கு அது போவதில்லை, போனாலும் தங்குவதில்லை. ஓராண்டுக்குள் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் வந்தால் அதை ‘மீண்டும் மீண்டும் வரும் தொற்று’ என்ற தனி வகையில் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் உலகில் 13.8 கோடிப் பெண்கள் இதில் அவதிப்படுவதாக 2018-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. டைப் 1 சர்க்கரை நோயுடன் வாழும் பெண்களுக்கு இந்த வகையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

சிறுவயதிலேயே இன்சுலின் ஊசியோடு வளர்ந்து, ஒவ்வொரு வேளை சாப்பாட்டையும் கணக்குப் போட்டுச் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட பாரம் என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளங்கவைப்பது கடினம். உட்காரவும் முடியாது, சொல்லவும் முடியாது. வீட்டில் சொன்னால் “உடம்புச் சூடு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி” என்பார்கள். வெள்ளைப்பட்டால் எலும்பே உருகிப்போகும் என்று பயமுறுத்தும் பாட்டிகள் இன்னமும் இருக்கிறார்கள். எலும்பு உருகுவதில்லை. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது, “சுத்தமாக இருக்கத் தெரியவில்லையா?” என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்து சோப்பும் மஞ்சள் தண்ணீரும் படிகாரமும் போட்டுக் கழுவிக் கழுவி, ஏற்கெனவே வெந்துபோன தோலை இன்னும் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் பலர். பூஞ்சை அழுக்கில் பிறந்து வருவதில்லை. அது முன்பே அங்கே இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரிடம் சோதித்தால் அது கிடைக்கும்.

அப்படியானால் ஒருத்தியிடம் சும்மா கிடக்கும் பூஞ்சை இன்னொருத்தியை ஏன் வதைக்கிறது?

விடையின் முதல் பாதி அந்த இழைகளில் இருக்கிறது. உருண்டையாக இருக்கும்வரை கேண்டிடா சாது. சூழல் மாறினால் அது நீண்டு இழையாகி, தோலின் மேல்படலச் செல்களுக்குள் துளைத்துக்கொண்டு நுழையும். இழை நுழைவதனால்தான் செல் சேதமாகிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் வேறொன்றைக் கண்டார்கள். இழை வடிவில் இருக்கும்போது மட்டும் பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரக்கிறது. வெறும் 31 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதத் துண்டு அது. செல்லின் சவ்வில் ஓட்டை போடுவதுதான் அதன் வேலை. கேண்டிடாலைசின் என்று பெயரிட்டார்கள். மனிதரைத் தாக்கும் பூஞ்சைகளில் இப்படி ஒரு புரத நஞ்சு அதுவரை அறியப்படவே இல்லை.

மறு பாதி நம் உடம்பில் இருக்கிறது. இதைக் காட்டியது 2004-இல் வெளியான ஒரு துணிச்சலான சோதனை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பால் ஃபிடெல் குழுவினர், தாங்களாகவே முன்வந்த ஆரோக்கியமான பெண்களின் யோனியில் உயிருள்ள கேண்டிடாவை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மட்டும் அரிப்பும் எரிச்சலும் வந்தன. அவர்களிடமிருந்து எடுத்த கசிவில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் குவிந்திருந்தன. பாதிப்பு வராத பெண்களிடம் பூஞ்சை இருந்தும் அந்தக் குவியல் இல்லை. அதாவது, படை திரண்டு வந்த இடத்தில்தான் நோய். வந்த படையாலும் பூஞ்சையை அழிக்க முடியவில்லை. இழைகள் நஞ்சைக் கக்க, செல்கள் அபயக்குரல் எழுப்ப, வெள்ளை அணுக்கள் ஓடிவந்து அந்த மென்மையான தோலிலேயே சண்டை போடுகின்றன. பெண் உணரும் எரிச்சலில் பெரும்பங்கு அந்தச் சண்டையால் வருவது. எத்தனை பூஞ்சை இருக்கிறது என்பதைவிட, உடம்பு அதை எவ்வளவு சகித்துக்கொள்கிறது என்பதே ஒருத்தியின் நாளைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சகிப்பைச் சர்க்கரை எப்படிக் குலைக்கிறது என்பதற்கு முதலில் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் அது ஏறத்தாழ 160 முதல் 180 கிராம் குளுக்கோஸை இரத்தத்திலிருந்து வடித்து, அத்தனையையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. நலமாக உள்ளவரின் சிறுநீரில் சர்க்கரை அநேகமாக இருக்காது. ஆனால் இழுத்துக்கொள்ளும் திறனுக்கு ஓர் அளவு உண்டு. இரத்தச் சர்க்கரை 180-ஐ ஒட்டி ஏறும்போது அந்த அளவு நிரம்பிவிடும். 120 அடியைத் தொட்ட மேட்டூர் அணையில் வரும் நீரையெல்லாம் திறந்துவிடத்தான் வேண்டும் என்பதுபோல, அதற்கு மேல் வரும் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். சிறுநீர் படும் தோல் மடிப்புகளில் அது ஈரத்தோடு தங்கும். யோனிக் கசிவிலும் குளுக்கோஸ் கூடும். கேண்டிடாவுக்கு வேண்டிய உணவு இதுவே.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட வியப்பாகப் படுகிறது. நோய்க்கிருமிகளின் மேல் நம் உடம்பு ஒரு புரதத்தை ஒட்டிவைக்கும். ‘இதை விழுங்கு’ என்று வெள்ளை அணுக்களுக்குக் காட்டும் அடையாளம் அது. வெள்ளை அணுவின் மேற்பரப்பில் அந்த அடையாளத்தைப் பற்றும் ஏற்பி ஒன்று இருக்கிறது. கேண்டிடாவிடமும் ஏறத்தாழ அதே ஏற்பியைப் போன்ற ஒரு புரதம் இருக்கிறது என்றும், குளுக்கோஸ் மிகுந்த சூழலில் அந்தப் புரதத்தை அது கூடுதலாக உருவாக்குகிறது என்றும் மார்கரெட் ஹாஸ்டெட்டர் 1990-இல் எழுதினார். அடையாளத்தைப் பூஞ்சையே பற்றிக்கொண்டால் வெள்ளை அணுவுக்குப் பிடிமானம் கிடைக்காது. மேல்படலச் செல்களில் இறுக ஒட்டிக்கொள்ளவும் அதே புரதம் பூஞ்சைக்கு உதவுகிறது. ஆக, சர்க்கரை அதற்கு உணவாகி, மாறுவேடத்துக்கும் துணைபோகிறது. போதாக்குறைக்கு, சர்க்கரை ஏறிய இரத்தத்தில் வெள்ளை அணுக்களின் விழுங்கும் வேகமும் குறைகிறது.

இங்கேதான் டைப் 1 பெண்களுக்கு நடக்கும் ஓர் அநியாயத்தைச் சொல்ல வேண்டும். “சுகரைக் கன்ட்ரோலில் வையுங்கள், தானாகச் சரியாகும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் ஹெச்பிஏ1சி என்னும் சராசரிச் சர்க்கரைச் சோதனையில் 7 என்று வந்த தாளைக் கையில் வைத்திருப்பாள். அது நல்ல எண். அதற்கு நேரான சராசரிச் சர்க்கரை 154. ஆனால் பூஞ்சை சராசரியைத் தின்பதில்லை. உணர்கருவியை உடலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் சர்க்கரையைப் பார்க்கிறவர்களுக்கு 2019-இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த இலக்கு என்ன? பகலும் இரவுமாக 70 சதவீத நேரம் 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்க வேண்டும். 180-க்கு மேல் போகும் நேரம் 25 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். நாளின் 25 சதவீதம் என்றால் ஆறு மணி நேரம். எல்லா இலக்கையும் எட்டிய, மருத்துவர் கைகொடுத்துப் பாராட்டும் ஒரு பெண்ணுக்குக்கூட தினமும் ஆறு மணி நேரம் வரை சிறுநீரில் சர்க்கரை இறங்க இடமிருக்கிறது. அவளிடம் போய்க் கவனக்குறைவு என்று சொல்வது கணக்குப்படியே தவறு.

அந்த மணி நேரங்கள் எப்போது வருகின்றன என்று பார்ப்பது, சராசரியை இன்னும் ஒரு புள்ளி குறைக்கப் பாடுபடுவதைவிட உதவும் என்று நினைக்கிறேன். பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாள்களில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. வழக்கமான அளவு போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். பூஞ்சைத் தொற்றின் அரிப்பு உச்சத்துக்குப் போவதும் அதே வாரத்தில்தான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும் காலத்தில்தான் இந்தப் பூஞ்சை யோனியில் செழிக்கும் என்பது தெரிந்ததே. பூப்படையாத சிறுமிகளிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் அது அரிது. ஆகவே அரிப்பு தொடங்கிய தேதி, மாதவிடாய்த் தேதி, அந்த வாரத்துச் சர்க்கரை மூன்றையும் ஒரே காலண்டரில் இரண்டு மூன்று மாதம் குறித்துக்கொண்டு போனால், அந்த நாள்களுக்கு மட்டும் இன்சுலின் அளவை எப்படி மாற்றலாம் என்று மருத்துவருடன் பேச முடியும். வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாள்களையும் அதில் குறிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் யோனியின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டுப் பூஞ்சைக்கு இடம் விடும்.

மருந்துக்கு வருவோம். கடையில் கேட்டு வாங்கும் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் மாத்திரை ஒன்று, சாதாரணத் தொற்றுக்குப் பெரும்பாலும் போதும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது போதாது. 7 முதல் 14 நாள் வரை நீளும் சிகிச்சை தேவை என்பதே இன்றைய பரிந்துரை. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வந்திருப்பது பூஞ்சைதானா? தங்களுக்குப் பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து, முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் அது இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியாத் தொற்று. சிலருக்கு ஒன்றுமே இல்லை. நம்மூரில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ஸ்டீராய்டு கலந்த தோல் க்ரீம்களைச் சீட்டில்லாமல் வாங்கித் தடவுகிறோம். தடவியதும் சிவப்பு அடங்கும், அரிப்பு நிற்கும். படையைக் கலைத்துவிட்ட நிம்மதியில் பூஞ்சை பரவும்.

பூஞ்சைதான் என்று தெரிந்தாலும் எந்தப் பூஞ்சை என்பது அடுத்த கேள்வி. நான் தொடக்கத்தில் சொன்ன தகட்டுச் சோதனைக்கு அதில் முழுப் பதில் கிடைக்காது. வளர்ப்புச் சோதனை வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. சர்க்கரை நோயும் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்திருந்த 111 பெண்களில் 68 பேரிடம் இருந்தது அல்பிகன்ஸ் இல்லை, அதன் உறவான கேண்டிடா கிளாப்ரேட்டா. இந்த உறவுக்காரன் இழையாக நீள்வதில்லை. ஃப்ளூகோனசோல் உள்ளே வந்தால் அதை வெளியே தள்ளும் பம்புகளை வைத்திருக்கிறான். அந்த ஆய்வில் ஃப்ளூகோனசோல் கொடுத்த கிளாப்ரேட்டா நோயாளிகளில் 28.6 சதவீதம் பேருக்கே பூஞ்சை ஒழிந்தது. போரிக் அமிலம் வைத்தவர்களில் 63.6 சதவீதம். சோதிக்காமல் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப விழுங்கும் பெண்ணுக்கு அது ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் இதில் இருக்கிறது.

போரிக் அமிலம் நமக்கு அந்நியமில்லை. கேரம் போர்டில் காய் வழுக்கத் தூவும் வெள்ளைத் தூள் அதுதான். அதற்காகக் கடைத் தூளை எடுத்து யாரும் வைத்தியம் செய்யக் கூடாது. அளந்து அடைத்த 600 மில்லிகிராம் கேப்சூலை யோனிக்குள் வைப்பதே சிகிச்சை, அதுவும் மருத்துவர் சொல்லும் நாள்கள் மட்டும். வாய்வழி போனால் அது நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது.

பூஞ்சைக்கு எதிரான மருந்துகளின் வரலாற்றில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில், ரேச்சல் பிரவுன் ஆல்பனியில். இருவரும் மாநிலச் சுகாதாரத் துறை ஊழியர்கள். ஹேசன் பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, கேண்டிடாவைக் கொல்கிறதா என்று பார்ப்பார். கொல்வதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். விர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் கைகொடுத்தது. 1950-இல் அறிவித்தார்கள், பெயர் நிஸ்டாட்டின். மனிதருக்குப் பயன்பட்ட முதல் பூஞ்சைக்கொல்லி ஆன்டிபயாடிக் அது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. காப்புரிமையில் வந்த 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தில் ஒரு காசைக்கூட இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அறிவியல் ஆராய்ச்சிக்குப் போனது. 1966-இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பூஞ்சை பிடித்த ஓவியங்களைக் காப்பாற்றவும் அதே மருந்தைப் பயன்படுத்தினார்கள்.

நிஸ்டாட்டின் பூஞ்சையைக் கொல்லும். பிறகு வந்த ஃப்ளூகோனசோல், பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் உற்பத்தியைத் தடுத்து அதன் வளர்ச்சியை நிறுத்தும், அவ்வளவே. மாத்திரையை விட்டதும் மிஞ்சிய பூஞ்சை மறுபடி தலைதூக்கக் காரணம் இது. இதைச் சமாளிக்க ஜாக் சோபெல் தலைமையில் அமெரிக்க மருத்துவர்கள் 387 பெண்களிடம் ஒரு முறையைச் சோதித்து, முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். முதலில் மூன்று நாளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை. அறிகுறிகள் அடங்கியதும் வாரத்துக்கு ஒன்றாக ஆறு மாதம். ஆறு மாத முடிவில் 90.8 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பவில்லை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் இது 35.9 சதவீதம். ஆனால் மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் போன பிறகு பார்த்தால், மருந்து எடுத்தவர்களிலும் 42.9 சதவீதம் பேர்தான் தொல்லையில்லாமல் இருந்தார்கள். அரை ஆண்டு நிம்மதி ஒரு பெண்ணுக்குச் சிறிய விஷயமில்லை. அதே சமயம், திரும்பி வந்தால் அது அவளுடைய தோல்வி இல்லை என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன. இந்த மாத்திரை கொலஸ்டிராலுக்கான சில ஸ்டேடின் மருந்துகளோடு மோதும். கருவுற்றிருக்கும்போது வாய்வழி வேண்டாம். அப்போது ஏழு நாள் வைக்கும் க்ளோட்ரிமசோல் போன்ற மருந்துதான்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்ல வேண்டிய ஒரு மருந்து இருக்கிறது. 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளை வேதியியலாளர்கள் பிரித்தார்கள். அதை உட்கொண்டால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்று ஜெர்மனியின் ஃபோன் மெரிங் 1880-களில் கண்டார். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப இழுக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. அதன் வழிவந்தவைதான் இன்றைய டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரைகள். டைப் 2 நோயிலும் இதய, சிறுநீரக நோய்களிலும் இவை பெரும் வரம். ஆனால் சர்க்கரை அளவு எதுவாக இருந்தாலும் இருபத்து நான்கு மணி நேரமும் சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதே இவற்றின் வேலை. ஆகவே பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இவற்றின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. டைப் 1 நோயாளிகளுக்கு இன்னும் பெரிய ஆபத்து உண்டு. மீட்டரில் சர்க்கரை ஏறாமலே கீட்டோன் பெருகி உயிருக்கு ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ் வரலாம். ஐரோப்பா 2019-இல் டபாக்லிஃப்ளோசினை டைப் 1-க்கு அனுமதித்தது. 2021-இல் அந்தப் பயன்பாடு திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் அப்பாவோ மாமியாரோ போடும் மாத்திரை நன்றாக வேலை செய்கிறதே என்று டைப் 1 பெண் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளவே கூடாது.

கடைசியாகச் சிறுமிகளைப் பற்றி. பூப்படையாத வயதில் இந்தத் தொற்று அரிது என்று சொன்னேன். டயபர் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது இன்னும் யாரும் கண்டுபிடிக்காத டைப் 1 சர்க்கரையாக இருக்கலாம். அதோடு அடிக்கடி தண்ணீர் கேட்பது, பழக்கம் விட்டுப்போன பிறகு மறுபடி படுக்கையை நனைப்பது, சாப்பிட்டும் மெலிவது இவற்றில் ஏதாவது இருந்தால் க்ரீம் எழுதிக்கொடுத்து அனுப்பும் மருத்துவரிடம் தாய் தயங்காமல் கேட்கலாம்: “விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இப்போதே சுகர் பார்த்துவிடுங்களேன்.” நாளைக்கு வெறும் வயிற்றில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. அந்த வயதில் கண்டுபிடிக்கப்படாத டைப் 1, சில நாள்களிலேயே, சில வேளை மணி நேரங்களிலேயே கீட்டோஅசிடோசிஸாக முற்றிவிடும்.